மூன்று ‘முடியும்’

ஒரு காலத்தில் நெடுங்கரை நாட்டைத் திடவிரதன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் குளிக்கும்போது வழுக்கி விழுந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்தான். எழுந்ததும் முரசறையச் சொன்னான்: “தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவர் யாராக இருந்தாலும் அரண்மனைச் செலவில் துணையாள் வருவான்.”

யாருக்குத் துணையாள் வேண்டும் என்று விசாரிக்கும் பொறுப்பு காரியக்காரர் தாண்டவராயருக்கு வந்தது. மந்திரி பொன்னம்பலவாணருக்குப் பெயர் வந்துவிடுமோ என்று வயிறெரிந்து, கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது.

ஒரு வருஷம் கழிந்தது. “மன்னா, ஊர் ஊராக விசாரித்துவிட்டேன். துணையாள் வேண்டியவர் நம் நாட்டில் ஒருவர்கூட இல்லை” என்றார் தாண்டவராயர்.

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “என் ஆட்சியில் நொண்டியும் ஓடுகிறான் பார்த்தீரா மந்திரி?”

மந்திரி சிரிக்கவில்லை. அன்று காலைதான் அவர் வண்டிக்கார இருளப்பனைப் பார்த்திருந்தார். வாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்துபோன ஒண்டிக்கட்டை. தண்ணீர் எடுக்கப் போய்க் கிணற்றடியில் விழுந்து, இரண்டு நாளாக அங்கேயே கிடந்திருக்கிறார். பார்த்த மந்திரி ஆளை வண்டியில் ஏற்றிச் சபைக்கே கொண்டுவந்துவிட்டார்.

ராஜா திடுக்கிட்டான். தாண்டவராயரோ அசராமல் ஓலையை நீட்டினார்.

“மூன்று கேள்வி கேட்டேன் மன்னா. தானே குளிக்க முடியுமா, உடுத்த முடியுமா, உண்ண முடியுமா? மூன்றுக்கும் இவரே ‘முடியும்’ என்றார்.”

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

மந்திரி அந்த ஓலையை வாங்கிக்கொண்டார். “இதே கேள்விகளை உம்மிடம் கேட்கலாமா காரியக்காரரே? உம்மால் தனியே குளிக்க முடியுமா?”

“ஏன் முடியாது?”

“உடுத்த?”

“முடியும்.” சபையில் இருமல் சத்தம் கேட்டது. அவருடைய பதினாறு முழத் தலைப்பாகையைக் கட்ட மட்டும் இரண்டு ஆள் வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம்.

“உண்ண?”

“இதென்ன கேள்வி? முடியும்.”

“மூன்று ‘முடியும்’. அப்படியானால் இவர் வீட்டு ஏவலாட்களை இன்றே நிறுத்திவிடலாம் மன்னா.” ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போய், சரி என்றான்.

மறுநாள் சபை கூடிற்று; அரண்மனையில் தங்கவைத்திருந்த இருளப்பனும் வந்திருந்தார். தாண்டவராயரைக் காணோம். உச்சிப்பொழுது சாய்ந்தபிறகு வந்தார். தலைப்பாகை கழுத்தில் சுற்றியிருந்தது. காதோரம் சீயக்காய் காய்ந்திருந்தது. சாப்பிட்டிருக்கவில்லை.

“முடியும் என்றீரே?” என்றான் ராஜா.

“முடிந்தது மன்னா. விடியலில் ஆரம்பித்து இப்போதுதான் முடிந்தது.”

“முடியாது என்று நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே?”

“இத்தனை பேருக்கு முன்னால் எப்படி மன்னா சொல்வது? மானம் போகாதா?”

“இருளப்பனிடம் நீர் கேட்டது சந்தைக்கு நடுவில்” என்றார் மந்திரி.

ராஜா இறங்கி வந்து இருளப்பன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். “முடியுமா என்று கேட்கமாட்டேன். விழுந்ததற்கு முந்தின நாள் எப்படிச் சாப்பிட்டீர்? அதைச் சொல்லும்.”

“கஞ்சிப்பானைகிட்ட தவழ்ந்து போவேன் சாமி. இடது கையால மோந்தா பாதி தரையில போயிரும். அன்னைக்கு நாய் வந்து மீதியையும் நக்கிருச்சு. குளிச்சு ரெண்டு மாசமாச்சு.”

ராஜாவுக்குத் தன் பெயரால் நடந்ததை நினைத்து உடம்பே கூசியது. இனிமேல் வீட்டுக்குப் போய், தனியே உட்கார்ந்து, ‘நேற்று எப்படிச் செய்தீர்’ என்றுதான் கேட்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவிட்டான். அந்தப் பொறுப்பையும் நூறு பொன்னையும் மந்திரியிடம் கொடுத்தான்.

பிறகு தாண்டவராயர் பக்கம் திரும்பினான். “இருளப்பா, இவரையே உமக்குத் துணையாளாக அனுப்பட்டுமா?”

இருளப்பன் காரியக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

“வேணாம் சாமி. அவரு ஒருத்தரு குளிக்கவே மத்தியானம் ஆவுது. என்னையும் குளிப்பாட்டுனா ரெண்டு பேரும் பட்டினிதான்.”