கரையில நிக்க ஒரு ஆளு

காலை ஆட்டாதட்டி. ஆட்டினா கதை கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு 'ம்' மட்டும் கொட்டு, அத்தை சொல்லுதேன்.

ஒரு ஊர்ல ஒரு ஆளு. ஊரு மெட்ராஸ், ஆளு பேரு அஸ்வத். முப்பது வயசு. முகம் பூரா தாடி, மூஞ்சிக்கு முன்னால எந்நேரமும் செல்போன். அந்தப் போனை ஒரு குச்சியில மாட்டி வச்சுக்கிட்டு அதுகூடத்தான் பேசுவான், அதுக்குத்தான் சிரிப்பான். அவனைப் பத்தாயிரம் பேர் பாக்காங்களாம். பத்தாயிரம்! நம்ம திருவிழாவுக்குக் கூட அத்தனை கூட்டம் வராது.

ஒருநாள் அவனுக்கு ஒரு யோசனை. 'மூணு நாள் ஒரு தீவுல தன்னந்தனியா இருக்கேன், எல்லாரும் பாருங்க'ன்னு போன்ல சொல்லிட்டான். தன்னந்தனியா இருக்கப் போறவன் எதுக்கு எல்லாரையும் பாக்கச் சொல்லணும்? கேக்காத, எனக்கும் தெரியாது. வீட்ல அவுக அம்மா தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. சொன்னா எங்கே, எதுக்குன்னு கேப்பாளேன்னு, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு பைய வெளிய வந்துட்டான். எப்பேர்ப்பட்ட வீரன் பாத்துக்கோ!

ம் கொட்டு. ஆங்.

அப்புறம் பஸ் ஏறி, நம்ம கடக்கரைப் பக்கம் வந்து இறங்கினான். எதிர்த்தாப்புல நண்டுத்திட்டுன்னு ஒரு தீவு. ஏழே வீடு, ஏழு வீட்டுக்கும் எழுபது தென்னை. நடுவுல கடல் அகலம் கொஞ்சம்தான், ஆனா நீரோட்டம் பொல்லாதது. சூசைன்னு ஒருத்தர் வள்ளம் ஓட்டுதாரு. இவன் ஏறினதும் கரையில டீக்கடைக்காரி 'போயிட்டு வாங்க தம்பி'ன்னா. இவன் காதுல பஞ்சு மாதிரி ஒண்ணைச் சொருகிப் பாட்டு கேக்கான், எங்கிட்டு விழும்? டுப் டுப் டுப் டுப்புன்னு வள்ளம் போச்சு. அந்தக் கரையில இறங்கினதும் சூசை சிவப்புத் துண்டைத் தூக்கி ஆட்டினாரு. இந்தக் கரையில அதுவரைக்கும் நின்ன டீக்கடைக்காரி அப்போதான் கடைக்குள்ள போனா. இவன் அதையும் பாக்கல, தாடியைச் சீவிக்கிட்டு இருந்தான்.

அப்புறம் மொத நாளு. தண்ணி ஓரத்துல ஒரு கூடாரம் அடிச்சான். குச்சியை நட்டான், போனை மாட்டினான். 'நண்பர்களே! கண்ணுக்கு எட்டின தூரம் மனுஷ வாடையே இல்ல!'ன்னு கத்துதான். பின்னால சரக் சரக்னு மணல்ல சத்தம். யாரு? பிலோமி. பக்கத்து வீட்டுக்காரி. தட்டு நிறையச் சோறு, மேல ஊளி மீன் குழம்பு.

'தம்பி, சோறு.'

'அக்கா, படத்துல விழுதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.'

'சாப்பிட்டுட்டுப் படம் எடுங்க தம்பி, ஆறிரும்லா.'

'நான் கொண்டு வந்திருக்கேன்க்கா'ன்னு ஒரு பொட்டலத்தைக் காட்டினான். உள்ள என்னன்னு நெனைக்க? குருவி தின்னுற மாதிரி ஏதோ விதை. பிலோமி அதைப் பாத்தா, அவனைப் பாத்தா, தட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

அப்போ ரெண்டாம் நாளு. தொம்மைன்னு ஒரு தாத்தா, எழுபது வருசமா அந்தக் கடலைப் பாத்துக்கிட்டு இருக்கவரு. வந்து, 'பேரப்பிள்ளை, இது ஏத்தத் தண்ணி ஏறுற இடம். கூடாரத்தைக் கொஞ்சம் மேல போடு'ன்னாரு. இவன் கண்ணை மூடி சம்மணம் போட்டு உக்காந்திருந்தான். ஒத்தக் கண்ணைத் திறந்தான். 'தாத்தா, நான் கடல்கிட்ட நேரடியாக் கத்துக்க வந்திருக்கேன். புத்தி வேண்டாமே'ன்னான். தாத்தா 'சரிய்யா'ன்னுட்டு நடையைக் கட்டிட்டாரு.

கடலும் கத்துக்குடுத்துச்சு. விடிஞ்சும் விடியாம சளக், சளக், சளார்! கூடாரம், பாய், விதைப் பொட்டலம் எல்லாம் தண்ணியில. போன் மட்டும் தப்பிச்சுது, அதைத்தான் மாருல கட்டிக்கிட்டுத் தூங்குதானே!

சிரிச்சது போதும். தூக்கம் கலைஞ்சிரும்.

அப்புறம் மூணாம் நாளு. சட்டைப் பையில மிஞ்சினது ஒத்தை பிஸ்கட் பாக்கெட்டு. அதைப் பிரிச்சு வச்சான். 'மே...'ன்னு ஒரு வெள்ளாடு வந்து, கறுக் முறுக்குன்னு பேப்பரோட தின்னுட்டு நிக்கி. ஆட்டுக்காரி அமலோற்பவம் அலறியடிச்சு ஓடி வந்தா. 'ஐயோ தம்பி, மன்னிச்சுக்கோங்க, பசிக்குமே உங்களுக்கு'ன்னு சொம்பு நிறைய ஆட்டுப்பால் டீ நீட்டுதா. இவனுக்கு ஆடு மேல கண்ணு. 'அக்கா, ஆடு அழகா இருக்கு. ஆடு நிக்கட்டும், நீங்க விலகிக்கோங்க.' விலகினா. வேற என்ன செய்வா? டீ ஆறிப் போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் டுப் டுப் டுப்னு சூசை வந்தாரு. 'ஏறுங்க தம்பி. நாளைக்குக் கச்சான் காத்து கிளம்பிரும். அப்புறம் நாப்பது நாளைக்கு வள்ளம் கிடையாது.' இவன் குடுகுடுன்னு ஓடி வந்து ஒரு காலைத் தூக்கி வச்சான். சூசை துடுப்பைக் குறுக்கே நீட்டினாரு.

'இருங்க. உங்களை யாரு அனுப்புதா?'

'யாரும் இல்லண்ணா, நான் தனியா வந்தேன்.'

'தெரியும். கரையில ஒருத்தர் நின்னு போயிட்டு வான்னு சொல்லணும். சொல்லிட்டுப் போயிரக் கூடாது. அக்கரையில நீங்க துண்டை ஆட்டுற வரைக்கும் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டு நிக்கணும். வள்ளம் கவுந்தா அவங்கதான் கத்தணும், அவங்கதான் ஊரைக் கூட்டணும். ஆளில்லாம நான் ஏத்த மாட்டேன்.'

'என்னைப் பத்தாயிரம் பேர் பாக்கறாங்கண்ணா!'

சூசை நாலு பக்கமும் பாத்தாரு. 'எங்கே?'ன்னாரு.

அந்தத் தீவுல டவரே கிடையாது.

'செத்துப் போனாலே தூக்க நாலு பேர் வேணும் தம்பி. உசுரோட போறவருக்கு ஒருத்தர் கூடவா இல்ல? சூரியன் அந்தப் பனைக்குக் கீழ இறங்குற வரைக்கும் பாப்பேன். ஓடுங்க.'

ஓடினான்ட்டி! தட தட தடன்னு பிலோமி வீட்டுக்கு. 'அக்கா, கரைக்கு வாங்கக்கா, ஒரு நிமிஷம்!' பிலோமி மீனைக் கழுவிக்கிட்டே, 'வேண்டாம் தம்பி, நான் படத்துல விழுந்துருவேன்'ன்னா. அப்போ தொம்மைத் தாத்தாகிட்ட ஓடினான். தாத்தா வலையை விட்டுத் தலையைத் தூக்கல. 'நான் வந்தா புத்தி சொல்லிருவேன். நேரடியாக் கடல்கிட்டயே கேளு.' அப்புறம் அமலோற்பவம். அவ இடுப்புல கையை வச்சுக்கிட்டு, 'ஆடு நிக்கி பாருங்க, அழகான ஆடு. அதைக் கூட்டிட்டுப் போங்க'ன்னா.

கூட்டிட்டுப் போனானே! பைத்தியக்காரப் பய, ஆட்டை இழுத்துக்கிட்டு வந்து கரையில நிறுத்தி, 'இதோ அண்ணா, ஆள்'ங்கான். ஆடு 'மே...'ன்னுச்சு. சூசை தாடையைச் சொறிஞ்சுக்கிட்டு யோசிச்சாரு. 'வள்ளம் கவுந்தா இது கத்தும், அது சரி. ஆனா இது எப்பவும் கத்துமே தம்பி?'

சூரியன் பனந்தலையைத் தொட்டுருச்சு. அவன் அப்படியே மணல்ல பொத்துன்னு உக்காந்துட்டான். அப்போதான் பயம் வந்துச்சு அவனுக்கு. இந்தக் கடல்ல முங்கிப் போனா, எந்தக் கடல்ல தேடணும்னு கூட அம்மாவுக்குத் தெரியாதேன்னு நெனைச்சான். போனும் வேண்டாம், தாடியும் வேண்டாம், சின்னப்பிள்ளை மாதிரி ஓன்னு அழுதான். 'யாராவது வந்து என்னைப் பாருங்களேன்!'

சரக் சரக்னு சத்தம். பிலோமி. கையில அதே தட்டு. 'மொதல்ல தின்னுங்க. வெறும் வயித்தோட யாரையும் நாங்க கடல்ல விடுறதில்ல.' அள்ளி அள்ளித் தின்னான், முள்ளைக் கூடப் பாக்கல. தின்னு நிமிந்தா, தொம்மைத் தாத்தா நிக்காரு, அமலோற்பவம் நிக்கா, ஏழு வீடும் நிக்கி, ஆடும் நிக்கி. ஒருத்தர் கூட வராத இடத்துல இப்போ ஊரே வந்துருச்சு. எல்லாரும் ஒண்ணா, 'போயிட்டு வாங்க!'

'போயிட்டு வரேன்'ன்னு சொன்னான். அப்போ நெசமாத்தான் சொன்னான், அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

டுப் டுப் டுப். நடுக்கடல்ல நீரோட்டம் வள்ளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அவன் கரையைத் திரும்பித் திரும்பிப் பாத்தான். ஒருத்தரும் அசையல.

அப்புறம் அக்கரை. இறங்கினான். சூசை சிவப்புத் துண்டை எடுத்து அவன் கையில குடுத்தாரு, ஆட்டட்டும்னு. அப்போ போனுக்கு டவர் வந்துருச்சு. டிங்! டிங்! டிங்! குனிஞ்சான்ட்டி. குனிஞ்சவன் நிமிரல. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, போனைப் பாத்துக்கிட்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டான்.

அந்தப் பக்கம் ஏழு வீடும் நிக்கி. இருட்டப் போகுது, இன்னும் நிக்கி. சூசை பாத்தாரு. நாலு வார்த்தை வைதாரு, அதை உனக்குச் சொல்ல மாட்டேன். இடுப்புல கட்டியிருந்த கைலியையே அவுத்து ஆட்டினாரு. உள்ள டவுசர் போட்டிருந்தாருட்டி, சிரிக்காத. அப்புறம்தான் அவங்க வீட்டுக்குப் போனாங்க.

இவன் ஊருக்குப் போய் மொத வேலையா அந்தப் படத்தைப் போட்டான். 'மனுஷ வாடையே இல்லாத தீவுல மூணு நாள்.' பத்தாயிரம் பேரும் பாத்தாங்க. ஆகா ஓகோன்னாங்க. அவுக அம்மாவும் பாத்தா, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, மூணு தடவை பாத்தா. பாத்துட்டுக் கேட்டா:

'ஏன்டா, ஓரத்துல ஒரு கை தெரியுதே. தட்டுல சோறு வச்சுக்கிட்டு நிக்கிறது யாருடா?'

பத்தாயிரம் பேர்கிட்டப் பேசுறவன், அம்மா கேட்டதும் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு பைய வெளிய போயிட்டான்.

ம்? ...ம் கூட வரலையே. சரி. கண்ணைத் திறக்காத. கதை அக்கரை சேர்ந்துருச்சு, நீ தூக்கத்துல இறங்கு. அத்தை இங்கனதான் உக்காந்திருக்கேன், பாத்துக்கிட்டே இருப்பேன். போயிட்டு வா, கண்ணு.