தண்ணீரே கேட்காத நாற்பத்தொரு தொட்டி

நல்லமணி பொய் சொல்ல மாட்டார். உண்மையை அது இருக்கிற அளவிலேயே விட்டுவைக்க அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான். மதுரையில் அவர் குடியிருந்த பன்னிரண்டு வீட்டு அடுக்குமாடியில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் கூட்டம் கூடியபோது அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த வாய்தான்.

விவகாரம் இது. மாடியில் அவர் நாற்பத்தொரு தொட்டி வைத்திருந்தார். கற்றாழை, கள்ளி, நர்சரிக்காரர் 'சக்குலன்ட்' என்று சொல்லிக் கொடுத்த குண்டு இலைச் செடிகள். நேர் கீழே, மூன்றாம் மாடியில், ஜெசிந்தா டீச்சர் வீட்டுக் கூரை ஒழுகியது. தொட்டிகளை எடுக்கச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் கூட்டம். நல்லமணி இருப்பதோ முதல் மாடி. அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. இங்கிருந்து இறக்கினால் ஒரு செடியும் பிழைக்காது.

"டீச்சர், கற்றாழைக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஆரம்பித்தார். "நம்ம செயலாளர் தனுஷ்கோடி சார் வாசலைப் பாருங்க. திருஷ்டிக்குத் தலைகீழாக் கட்டித் தொங்குதே, அதுக்கு யார் தண்ணி ஊத்துறா? ரெண்டு வருஷமா உயிரோட இருக்கா இல்லையா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அது சத்தியமான உண்மை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாலு தலை ஆடுவதைப் பார்த்துவிட்டால் நல்லமணிக்கு இருப்புக் கொள்ளாது.

"வாங்கின நாள்ல இருந்து அஞ்சு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி காட்டல நான். ஒரே ஒரு தடவை மனசு கேக்காம ஒரு டம்ளர் ஊத்தினேன். காலையில பாத்தா, தண்ணியைத் திருப்பி டம்ளர்ல நிரப்பி வச்சிருக்கு!"

டேங்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பச்சை வாளி அவர் நினைவுக்கு வந்தது. தினம் விடியற்காலையில் அதில்தான் ஊற்றுவார். ஊற்றி ஊற்றியே ஏழெட்டுச் செடி வேரழுகிப் போயிருந்தது. இருந்தும் வளர்த்த பாசம், விடமுடியவில்லை. நினைப்பை விழுங்கிக்கொண்டு மேலே போனார்.

"தண்ணி கேக்காதது மட்டுமில்ல, பக்கத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிடும். என் வீட்டம்மா துவைச்ச சேலையை அதுக்குப் பக்கத்துல போட்டா, கிளிப்பு மாட்டுறதுக்குள்ள காஞ்சிடும். டீச்சர், உங்க கூரைக்குக் காவலே அதுதான்!"

"அப்ப மழைக்காலத்துல வீட்டுக்கு ஒண்ணு குடுங்களேன்" என்றார் தனுஷ்கோடி, சிரிக்காமல்.

"குடுக்கலாம் சார். ஆனா ஆபத்து. போன ஐப்பசியில ஒரு பூனை தெரியாம அங்க படுத்துத் தூங்கிடுச்சு. காலையில வந்து பாக்குறேன், அப்பளமாட்டம் கிடக்கு. தண்ணி தெளிச்சு, பழையபடி பூனையாக்கி அனுப்பி வச்சேன்."

"தண்ணி ஏது? நீங்கதான் மாடிக்குத் தண்ணியே கொண்டு வர்றதில்லையே" என்றார் ஜெசிந்தா டீச்சர். கணக்கு டீச்சர் அவர்.

"கேட்டீங்களே ஒரு கேள்வி! கற்றாழைத் தண்ணிதான். போன சித்திரையில தண்ணி லாரி வராம நாலு நாள் தவிச்சோமே, டேங்க் எப்படி நிரம்புச்சு? அந்தப் பெரிய கற்றாழையில ஒரே ஒரு மடலை ஊசியால குத்தி, டேங்க் வாயில சாச்சு வச்சேன். பன்னிரண்டு வீடும் குளிச்சீங்க. அந்த வாரம் யாருக்காவது முடி கொட்டுச்சா, சொல்லுங்க?"

தனுஷ்கோடியின் கை தன்னையறியாமல் தன் வழுக்கைக்குப் போய்விட்டுத் திரும்பியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. நல்லமணிக்குச் சிறகு முளைத்துவிட்டது.

"திருவிழாவுக்கு வைகையில விடத் தண்ணி இல்லன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். ரெண்டு மடல் உடைச்சு அனுப்புறேன். கரை தொட்டு ஓடும்!"

"ஒரு மடல்ல ஒரு டேங்க்" என்று டீச்சர் விரல்விட்டு எண்ணினார். "ஒரு செடிக்கு இருபது மடல். தொட்டி நாப்பத்தொண்ணு. இவ்வளவு தண்ணியும் என் தலைக்கு மேலயா சார் நிக்குது?"

"பின்னே!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் நல்லமணி.

"செயலாளர் சார், எழுதிக்கோங்க. ஒழுகுறது எங்க இருந்துன்னு அவரே ஒத்துக்கிட்டாரு."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நல்லமணியின் புளுகு எட்டு நிமிஷம் தாங்கவில்லை. தனுஷ்கோடி பேனாவைத் திறந்ததைப் பார்த்ததும் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"டீச்சர், அது தண்ணி இல்ல. கண்ணீர். எடுக்கப் போறோம்னு தெரிஞ்சதுல இருந்து அதுங்க அழுதுக்கிட்டு இருக்கு." சொல்லும்போது குரல் நிஜமாகவே உடைந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

 ஜெசிந்தா டீச்சர் நேராக டேங்குக்குப் பின்னால் போய், பச்சை வாளியை எடுத்து வந்தார். அடியில் இன்னும் ஈரம் இருந்தது.

"தினம் காலையில அஞ்சரை மணிக்கு இந்தக் கண்ணீரை இழுத்துட்டு வர்ற சத்தம் என் கட்டிலுக்கு மேலதான் சார் கேக்குது. தொட்டியெல்லாம் இங்கயே இருக்கட்டும். வாளி என் வீட்டுல இருக்கும்."