மாடி போர்ஷன் காலி

ஆடி மாசம் கல்யாணம் கிடையாது. அதனால் உறையூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் நாடகக்காரர்களுக்கு ஓசியில் கிடைத்திருந்தது. அங்கேதான் பூங்கோதை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூங்கோதை சின்ன வயசுக்காரர்தான். ஆனாலும் குழுவில் எல்லோருக்கும் வாத்தியார். மின்சார வாரியத்தில் ரிட்டையர் ஆன தணிகாசலத்துக்கும் அவர்தான் வாத்தியார். மகள் வயசுப் பெண்ணிடம் பாடம் கேட்பதில் தணிகாசலத்துக்கு ஒரு குறையும் இல்லை. நடிப்பு வரவில்லை, அதுதான் குறை.

நாடகம் அமெரிக்காவில் நடப்பது. ஒண்டுக்குடித்தனத்தில் காலம் தள்ளிய ஒரு கறுப்பர் குடும்பம், வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் பேட்டையில் ஒரு வீடு வாங்குகிறது. அந்தப் பேட்டையிலிருந்து ஒருத்தர் வந்து, எங்கள் பக்கம் வராமல் இருந்தால் உங்களுக்கும் நல்லது என்று பக்குவமாகச் சொல்லிப் பார்க்கிறார். அந்த ஒருத்தர்தான் தணிகாசலம்.

அவரோ நுழையும்போதே மீசையை முறுக்கினார். கண்ணை உருட்டினார். வராதே என்று அவர் போட்ட சத்தத்தில் சமையல்கட்டில் தூங்கிய பூனை எழுந்து ஓடிப்போனது.

"சார், அவன் சண்டைக்கு வரலை. சிரிச்சுக்கிட்டே வர்றான்."

திரும்பப் போய் வந்தார். இந்தத் தடவை சிரித்தார். சிரிப்பா அது, நாலு கொலை செய்தவன் சிரிப்பு. பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டார். சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. நாடகம் வேறு அடுத்த வாரம்.

தணிகாசலத்துக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீசில்கூட யாரும் தன்னை இந்தப் பாடு படுத்தியதில்லை, திருப்பதியைத் தாண்டாத தனக்கு வெள்ளைக்காரன் எப்படிப் பேசுவான் என்று என்ன தெரியும் என்று புலம்பித் தீர்த்தார். கடைசியில் கேட்டே விட்டார்.

"வராதேன்னும் சொல்லணும், சிரிச்ச முகமாவும் சொல்லணும். ஒரு மனுஷனால அது எப்படி முடியும் வாத்தியாரே?"

பூங்கோதை வேறொன்று கேட்டார்.

"உங்க மாடி போர்ஷன் இன்னும் காலியாத்தான் இருக்கா சார்?"

சம்பந்தமே இல்லாமல் என்ன கேள்வி இது? காலிதான், நல்ல குடும்பமாக வந்தால் விடலாம் என்று இருக்கிறேன் என்றார் தணிகாசலம். பூங்கோதை போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

குடும்பத்தின் மகனாக நடிக்கும் இருதயம் டீ வாங்கப் போயிருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். நாடகத்தில் வீடு வாங்குகிறவருக்கு ஊருக்குள் வாடகைக்கே வீடு அமையவில்லை. இருக்கிற வீட்டை இடிக்கப் போகிறார்கள், மனைவி செலினுக்கோ மாசம் நெருங்கிவிட்டது. பாவம், அந்தப் பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து ஓய்ந்துபோயிருந்தாள். குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். தணிகாசலமும் கேட்டு உச்சுக்கொட்டியவர்தான்.

அவருடைய போன் அடித்தது. புது நம்பர். வீடு கேட்டு ஒரு பெண் பேசினாள். தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது, குரல் பதமாக இறங்கியது. எத்தனை பேர், என்ன வேலை என்று வாய் நிறைய அம்மா போட்டு விசாரித்தார். பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்ததும், தண்ணிக் குடமெல்லாம் தூக்காதே என்று புத்திமதிகூடச் சொன்னார்.

"சொந்த ஊர் எதும்மா? அட, நம்ம பக்கம்தான். அங்க எந்தத் தெரு?"

என்ன சாதி என்று தணிகாசலம் யாரையும் கேட்டதில்லை. அது அநாகரிகம். ஊரைக் கேட்பார், தெருவைக் கேட்பார், தெரிந்துவிடும்.

பதில் வந்தது.

"அடடா, ஒரு நாள் முன்னாடி பேசியிருக்கக் கூடாதாம்மா? நேத்துதான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்தேன். பரவாயில்ல, உடம்பைப் பாத்துக்கம்மா."

போனை வைத்தபோது பூங்கோதை வாசல்படியில் நின்றிருந்தார்.

"அதே குரல்ல பேசுங்க சார்."

இருதயம் டீயோடு வந்து சேர்ந்ததும் காட்சியை மறுபடி எடுத்தார்கள். தணிகாசலம் கும்பிட்டுக்கொண்டே வந்தார். உட்கார்ந்தார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, வராதீர்கள் என்பதை அத்தனை பிரியமாகச் சொன்னார். எதிரே நின்ற இருதயத்துக்குத் தன் வசனமே மறந்துபோனது. தணிகாசலத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போது இருதயத்தின் போன் அடித்தது.

"சொல்லு செலின். தெருவைக் கேட்டாரா? சரி விடு. நேத்துதான் வாக்குக் குடுத்தாராமா? அழாத. வாத்தியார் வேற நம்பர் தருவாங்க."

தணிகாசலம் பேசியதைக் கேட்டிருந்தவர்கள் எல்லோரும் அவரவர் டீக்குள் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார் வாசலுக்குப் போய் யாருக்கு எந்த நம்பரைக் கொடுத்தார் என்பது தணிகாசலத்துக்கு இப்போதுதான் விளங்கியது. காது இரண்டும் எரிந்தன.

இருதயத்துக்கு ஒன்றும் தெரியாது. போனைப் பையில் போட்டுக்கொண்டு தணிகாசலத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப நல்ல மாதிரிதான் பேசினாராம் சார். உடம்பைப் பாத்துக்கன்னுகூடச் சொன்னாராம்."

தணிகாசலத்தால் அங்கே உட்கார முடியவில்லை. பூங்கோதை கை கழுவும் குழாயடியில் டம்ளர்களை அலசிக்கொண்டிருந்தார். தணிகாசலம் அவர் பின்னால் போய் நின்றார்.

"வாத்தியாரே, இந்த வேஷம் எனக்கு வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துடுங்க."

பூங்கோதை குழாயை மூடினார்.

"வேஷத்தை நான் யாருக்கு வேணும்னாலும் குடுத்துடுவேன் சார். மாடி வீட்டை நீங்கதானே குடுக்கணும்."