உள்ளே ஒரு வீடு, வெளியே ஒரு வீடு

கதை கேட்க உட்கார்ந்தவர்களே, வெற்றிலை போடுகிறவர்கள் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து போனால் கதை கோபித்துக்கொள்ளும்.

மாதம் மும்மாரி பெய்த காலம் அது. செம்பியூர் என்று ஒரு கோட்டை நகரம். அதை ஆண்ட ராஜாவிடம் யானை இருந்தது, குதிரை இருந்தது, படை இருந்தது. உடுத்த நல்ல வேட்டிதான் இல்லை! ஊரில் நெய்யத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. "நெசவு தெரிந்தவர்கள் வரலாம், வீடும் தறியும் நான் தருகிறேன்" என்று ராஜா ஊர் ஊராகப் பறை அறைவித்தான்.

அதைக் கேட்டு வந்தார்கள் மாரப்பனும் அவன் பெண்டாட்டி செங்கமலமும். ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. ஆறு கரையை உடைத்துக்கொண்டு அவர்கள் ஊரையே வாரிக்கொண்டு போயிருந்தது. வீடு போச்சு, தறி போச்சு, ஆடு மாடு போச்சு. மிஞ்சியது ஒரு மூட்டை நூல். அதை நெய்து விற்றால்தான் அடுத்த வேளைச் சோறு. அந்த நூலும் கெட்டுப்போனால் பிச்சைதான் எடுக்க வேண்டும்.

அரண்மனை மணியக்காரர் அவர்களுக்கு இரண்டு வீடுகளைக் காட்டினார்.

"கோட்டைக்கு உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. ரெண்டுலயும் இருந்து பாருங்க. பௌர்ணமியன்னிக்கு நான் வருவேன். அன்னிக்குச் சொல்றதுதான் சொல்லு. அப்புறம் அழுது புரண்டாலும் மாத்தித் தர மாட்டேன்" என்றார்.

உள்ளே இருந்த வீட்டுக்குக் கோயில் மணி கேட்கும், கடைவீதி கூப்பிடு தூரம், கதவைத் திறந்தால் ஜனம். மாரப்பன் வாயைப் பிளந்தான். வெளியே இருந்த வீட்டுக்குக் கிணறு உண்டு, முருங்கை உண்டு, காற்று உண்டு. செங்கமலத்துக்கு அதை விட்டு வர மனமே இல்லை.

"வெளியே போய்க் காக்காய்க்கா துணி விக்கப் போறே?" என்றான் அவன்.

"உள்ளே இருந்தா மூச்சை யார்கிட்டக் கடன் வாங்குறது?" என்றாள் இவள்.

புருஷன் பெண்டாட்டி சண்டை. நாம் குறுக்கே போகக் கூடாது. கடைசியில் செங்கமலம்தான் ஒரு வழி சொன்னாள். "ரெண்டு தெருவுலயும் பாவு விரிச்சுப் பார்ப்போம். எந்தத் தெரு நம்ம நூலைக் காப்பாத்துதோ, அதுதான் நம்ம தெரு."

பாவு என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? தறியில் ஏற்றுவதற்கு முன் நெட்டு நூல்களை எல்லாம் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, காய்வதற்குள் நார்ச்சீப்பால் வாரிவிட வேண்டும். வாராமல் காய்ந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அறுந்துவிடும். இரண்டு பேரால் ஆகிற வேலையா அது? இந்தக் கோடியில் பிடிக்க வேண்டும், அந்தக் கோடியில் பிடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் வார வேண்டும்.

அவர்கள் ஊரில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. தெருவில் பாவு கிடந்தால், போகிறவர் யாராயிருந்தாலும் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கை பிடித்துவிட்டுத்தான் போவார். ஆற்றோடு போன வழக்கம் இங்கே தெருவோடு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்கள் இந்த இரண்டு அப்பாவிகளும்.

முதலில் கோட்டைக்குள் விரித்தார்கள். கஞ்சி தடவிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டாள். "புதுசா வந்தவளே, இந்த உரல் சரிஞ்சு கிடக்கு. நிமித்த ஒரு கை குடு தாயி."

"பாவு ஈரமா இருக்குக்கா, அப்புறம் வர்றேன்" என்றாள் செங்கமலம், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கொஞ்ச நேரத்தில் குளிக்கப் போகிற அரண்மனை யானை அந்த வழியாக வந்தது. "பிடிங்க, ஓரமாத் தூக்கிப் பிடிங்க!" என்று மாரப்பன் கத்தினான். தெரு நிறைய ஆள். ஒருவரும் கை நீட்டவில்லை. எதிர்வீட்டம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யானை பாட்டுக்கு நடந்தது. பாவில் பாதி அறுந்து போயிற்று.

"ஈரமில்லாத ஊர்!" என்று திட்டிக்கொண்டே மிச்ச நூலை அலசி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வெளியே விரித்தார்கள். பரந்த தெரு, நல்ல வெயில். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வேலிக்காரி காத்தாயியின் சினைமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்தது. "அண்ணே, மடக்குங்க! மாட்டை மடக்குங்க!" என்று அலறிக்கொண்டு பின்னால் வந்தாள் காத்தாயி.

மாரப்பன் மடக்கினானா? மடக்கவில்லை. பாவை மிதித்துவிடுமே என்று கம்பை எடுத்து, "சூ, சூ!" என்று இன்னும் தூரமாக விரட்டிவிட்டான். பாவம், அவள் உச்சி வெயிலில் காடு மேடெல்லாம் ஓடினாள்.

அப்புறம் காற்று கிளம்பியது. பாவைத் தாங்கியிருந்த கோல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. புருஷனும் பெண்டாட்டியும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார்கள், கூவினார்கள். எந்த வேலியும் திறக்கவில்லை. மிச்சத்திலும் பாதி சிக்காகிப் போயிற்று.

"ஈரமில்லாத காடு!" என்று அதையும் திட்டினார்கள்.

மறுநாளே பௌர்ணமி வந்துவிட்டது. ஒரே ஒரு சேலைக்குத்தான் நூல் இருந்தது. "சாயங்காலம் மணியக்காரர் வந்து நின்னா என்ன சொல்றது? உள்ளேயும் ஆகலை, வெளியேயும் ஆகலை" என்று மாரப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். திரும்பிப் போக ஊரும் இல்லை. செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி நூலை அதே வெளித்தெருவில் விரித்தாள். கஞ்சியும் தடவியாயிற்று.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் காத்தாயியின் குரல் கேட்டது. "ஐயோ, கன்னு சிக்கிக்கிச்சே! யாராச்சும் வாங்களேன்! மாடு செத்துரும் போலிருக்கே!"

செங்கமலத்தின் கை நார்ச்சீப்போடு அப்படியே நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது.

"போகாதே! இது போனா நமக்குத் திருவோடுதான்!" என்றான் மாரப்பன்.

"நேத்து நீங்க விரட்டின மாடுதானே அது? நானும் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்! உரலைத் தூக்கக் கூப்பிட்டதுக்கும் போகலை, மாட்டைப் பிடிக்கக் கூப்பிட்டதுக்கும் போகலை. நாம கூப்பிட்டா யாருமே வரலைன்னு ஊரைத் திட்டுறோமே, நமக்கு வெட்கமா இல்லை?" என்று சொல்லிச் சீப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

மாரப்பன் பாவைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். மறுபடி பாவைப் பார்த்தான். "எக்கேடோ கெட்டுப் போ!" என்று பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவனும் ஓடினான்.

மூன்று பேரும் மாட்டோடு மல்லுக்கட்டினார்கள். இழு, விடு, இழு. கன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து தும்மியது. காத்தாயி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

செங்கமலம் கையைக்கூடக் கழுவாமல் தெருவுக்கு ஓடி வந்தாள். பாவின் தலைமாடு காய்ந்து விறைத்துவிட்டது. கால்மாட்டில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. அதை வாரவும் ஆள் போதாது. தெருவிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"எந்தக் கோடியைப் பிடிக்கணும்?"

நிமிர்ந்து பார்த்தால் காத்தாயி. பின்னால் அவள் புருஷன், கொழுந்தன், இரண்டு நாத்தனார்கள்.

"நேத்து நாங்க உனக்கு வரலையே, தாயி" என்றாள் செங்கமலம்.

"நேத்துக் கதையை நாளைக்குப் பேசிக்கலாம். கஞ்சி காயுதுல்ல? எங்கே பிடிக்கணும், அதைச் சொல்லு!"

பிடித்தார்கள். ஒருத்தி சீப்பால் எதிர்ப்பக்கமாக வாரினாள். கொழுந்தன் அறுந்த இழையில் மாட்டுக்கயிறு முடிச்சுப் போட்டான். காய்ந்த தலைமாட்டுக்குச் செங்கமலம் நீர் தெளித்து, இழை இழையாகப் பிரித்தாள். கொஞ்சம் அறுந்தது, நிறையப் பிழைத்தது. ஒரு சேலைக்கு இருந்த நூலில் ஒரு பாவாடைக்குத் தேறியது. அடுத்த நூல் வாங்க அது போதும்.

சாயங்காலம் மணியக்காரர் வந்தார். "என்னப்பா, உள்ளேயா, வெளியேயா?"

உள்ளேதான் என்று ஒற்றைக்காலில் நின்ற மாரப்பன் சொன்னான்: "வெளியேங்க."

"ஏன்? காத்துக்கா, கிணத்துக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க. அந்த உரலை நிமித்திக் குடுத்திருந்தா உள்ளேன்னு சொல்லியிருப்பேன். இங்கேதான் எங்களுக்குப் புத்தி வந்துச்சு."

மணியக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆனாலும் சொல்லாமல் விட்டால் கதைக்குப் பாவம் சேரும்: கோட்டைக்கு உள்ளேயானாலும் வெளியேயானாலும், பக்கத்து வீட்டுக்கு நீ முதலில் கை கொடுத்த இடம்தான் நீ குடியிருக்க ஏற்ற இடம்.