யானைத்தடத்தில் உட்கார்ந்த பன்றி

மூங்கில்காட்டில் மூர்க்கன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தது. கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருந்தால் பரவாயில்லை, அதன் பிடிவாதமும் அங்கேதான் இருந்தது!

காட்டின் நடுவே ஓர் உப்புமண் மேடு. எல்லா மிருகங்களும் முறைவைத்து வந்து அந்த மண்ணை நக்கும். மான்கள் முதலில், பன்றிகள் கடைசியில். பன்றிகளுக்கு மிஞ்சுவது வெறும் சேறு. மூர்க்கனுக்குப் பொறுக்கவில்லை. அதன் குறை நியாயமானதுதான், நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அது போய் உட்கார்ந்த இடம் இருக்கிறதே!

குளத்திலிருந்து காட்டுக்குள் போகும் யானைத்தடத்தில், பத்துப் பன்றிகளைக் கூட்டிக்கொண்டு குறுக்கே உட்கார்ந்துவிட்டது. இருபுறமும் முள்புதர். வேறு வழி கிடையாது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. எங்காவது தீப்பிடித்தால் மரங்கொத்தி பட்டமரத்தை விடாமல் தட்டும். உடனே யானைகள் தும்பிக்கை நிறையத் தண்ணீரோடு தடத்தில் ஓடிவரும். அப்போது யாரும் தடத்தை மறிக்கக் கூடாது. மறித்தால் ஒரு மாதம் உப்புமண் கிடையாது.

தடத்துக்குக் காவலான காட்டெருமை காரி வந்தது.

"மூர்க்கா, குறையைச் சொல்லக் குளத்தங்கரை இருக்கு. நாளெல்லாம் உட்காரு, கத்து. தடத்தை மட்டும் விடுப்பா!"

"கரையில கத்தினா யாரு காதுல விழுது? இங்க உட்கார்ந்தாத்தான் எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க!"

சொல்லி வாய் மூடவில்லை. டொக் டொக் டொக் டொக்!

"தீ! எந்திரிங்க!" என்று கத்தியது காரி.

"நல்ல நாடகம்! நாங்க உட்கார்ந்ததும் தட்டச் சொல்லிட்டீங்களாக்கும்?"

மற்ற பன்றிகள் எழுந்து ஓடிவிட்டன. மூர்க்கன் அசையவில்லை. யானைகள் வந்து நின்றன. முன்னால் நின்ற வேலாத்தா யானையால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பிளிறினால் தண்ணீர் கொட்டிவிடும். கண்ணாலேயே கெஞ்சியது.

காரி தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு! மூர்க்கன் முள்புதருக்குள் போய் விழுந்தது. யானைகள் ஓடின.

"என்னையே முட்டிட்டியா! தீயே இல்லைன்னு இப்பவே காட்டறேன் பாரு!" என்று மூர்க்கனும் பின்னாலேயே ஓடியது.

நாணல் மேட்டில் புகை தெரிந்தது. அங்கேதான் மூர்க்கனின் மனைவி செவத்தி, முந்தாநாள் பிறந்த ஐந்து குட்டிகளோடு புல்கூட்டில் படுத்திருந்தது.

"ஐயோ, என் பிள்ளைங்க!" என்று அலறியது மூர்க்கன்.

யானைகள் தண்ணீரைப் பீய்ச்சின. தீ புஸ்ஸென்று அடங்கியது. கூட்டின் ஓரம் கருகியிருந்தது. செவத்தியின் ஒரு காதும் கருகியிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஐந்து குட்டிகளும் நனைந்துபோய்க் கீச்கீச்சென்று கத்தின. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மூர்க்கனுக்கு மூச்சே வந்தது.

"நல்லா இருப்பீங்க தாயி!" என்று வேலாத்தாவைக் கும்பிட்டது செவத்தி. "சட்டுனு வந்துடுவீங்கன்னுதான் குட்டிகளை அணைச்சுக்கிட்டே கிடந்தேன். வழியில என்ன தாமதம்?"

காட்டிக்கொடுக்க வேலாத்தாவுக்கு மனம் வரவில்லை.

மூர்க்கனே முன்னால் வந்தது. "நான்தான் செவத்தி. வழியை மறிச்சு உட்கார்ந்திருந்தேன்."

செவத்தி அதை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு குட்டிகளை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

மூர்க்கன் காரியின் காலடியில் மூக்கை வைத்து அழுதது. "சாமி, நீ முட்டலைன்னா இன்னிக்கு எனக்குப் பிள்ளைங்க இல்லை. உனக்கும் இந்த யானைங்களுக்கும் காலமெல்லாம் நன்றி சொல்லுவேன். என் தண்டனையில ஒரு நாள்கூடக் குறைக்காதே!"

"குறைக்க மாட்டேன்," என்றது காரி. "ஆனா நாளைக்கு நீ குளத்தங்கரைக்கு வா. உப்புமண் முறையைப் பத்திப் பேசுவோம். உன் பக்கம் நானும் நிக்கிறேன்."

உரிமைக்காக எவ்வளவு வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம், ஆனால் உயிர் காக்க ஓடுகிறவர்களின் வழியை ஒரு நொடிகூட மறிக்கக் கூடாது.