மூடியில் ஓர் ஊசித்துளை

ஜசிந்தா டீச்சருக்கு ஏழு சீடர்கள். ஏழு பேரிடமும் சேர்த்து முப்பத்தோரு லென்ஸ்கள். டீச்சரிடம் ஒன்று.

சீடர்கள் எல்லோருமே டீச்சரைவிட மூத்தவர்கள். டீச்சருக்கு இருபத்தொன்பது வயது. கான்வென்டில் இரண்டு வருடம் இயற்பியல் நடத்திவிட்டு, கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் படம் எடுக்கப் போனவர். வேலையை விட்டார். டீச்சர் என்ற பெயர் அவரை விடவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குறுக்குத்துறை ஆற்றங்கரையில் கூடுவார்கள். அரை மணி நேரம் ஆற்றைப் படம் எடுப்பார்கள். பிறகு டீக்கடையில் இரண்டு மணி நேரம் லென்ஸ் பேசுவார்கள்.

எங்கோ ஒரு நாட்டில் ஒரு கம்பெனி புது மாடலைப் பதிவு செய்திருக்கிறதாம். இன்னோர் இடத்தில் அட்டைப்பெட்டி ஒன்றின் மங்கலான படம் கசிந்திருக்கிறதாம். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று ஏழு பேர் எட்டு விதமாகச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் பிச்சையாவுக்கும் மைதீனுக்கும், ஒரு லென்ஸ் ஓரங்களில் மங்குகிறதா இல்லையா என்பதில் ஈஸ்டரிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். சொல்ல வேண்டியதை டீ மாஸ்டரிடம் சொல்வார்கள்.

கிளாட்வின் மட்டும் வாராவாரம் ஒரே கேள்வியைக் கேட்பான். மின்வாரிய அலுவலகத்தில் வேலை. நிதானமான மனிதன், லென்ஸ் விஷயத்தைத் தவிர.

"டீச்சர், இருக்கத வச்சிக்கிடவா, புதுசு வார வரைக்கும் பொறுக்கவா?"

முதல் வாரம் டீச்சர் அவனுடைய டீயைக் காட்டி, ஆறுகிறது என்றார். இரண்டாம் வாரம் அந்த டீயை எடுத்துத் தானே குடித்துவிட்டார். மூன்றாம் வாரம் பெஞ்சு மாறி உட்கார்ந்தார். அவன் எழுந்து அங்கேயும் வந்தான்.

நான்கு மாதத்துக்கு முன் கிளாட்வினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரூத் என்று பெயர் வைத்தார்கள். மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் வளரட்டும், தைத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவன் மனைவி பெனிட்டாவுக்குப் பயம் ஒரு படி கூடியது.

பார்க்க வந்த உறவுக்காரர்கள் துண்டைக் குழந்தையின் மூக்கு வரை இழுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். பெனிட்டா தன் போனில் எடுத்தால், போன் தானாகவே பிளந்த இடத்தை வழித்து மெழுகிவிட்டது. போன்ல எடுக்கதெல்லாம் போட்டோவே இல்லை என்று கிளாட்வின் கல்யாணமான நாள் முதல் சொல்லிவந்தான். அவளும் அதை நம்பிவிட்டாள்.

மூன்றாம் மாதம் ரூத் சிரிக்கத் தொடங்கினாள். பிளந்த உதடு இரண்டு பக்கமும் விலக, முகம் முழுக்க வாயாகிவிடும் ஒரு சிரிப்பு. தைத்த பிறகு வேறு சிரிப்பு வரும். நல்ல சிரிப்பாகவே வரும். ஆனால் மகள் பெனிட்டாவுக்கு அறிமுகமானது இந்தச் சிரிப்பில். வியாழக்கிழமை காலை ஆபரேஷன். அதற்குள் ஒரே ஒரு படம் வேண்டும் என்றுதான் பெனிட்டா கேட்டாள்.

வீட்டுக்குள் வெளிச்சம் பத்தாது என்றான் கிளாட்வின். வாசலுக்குத் தூக்கி வந்தாள். வெயில் கடுமை, நிழல் விழும் என்றான். அடுத்து, குழந்தை முகத்துக்கென்றே ஒரு லென்ஸ் வருகிறது, அதில் எடுத்தால் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரியும் என்றான். மயிர் யார் கேட்டது என்று பெனிட்டா உள்ளே போய்விட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சீடர்கள் போனில் வைத்திருந்த குழுவில் செய்தி வந்தது. அவனிடம் இருந்த நல்ல லென்ஸின் இரண்டாம் பதிப்பு திங்கட்கிழமை வெளியாகிறதாம். வந்துவிட்டால் பழையதை யாரும் சீந்த மாட்டார்கள். கிளாட்வின் அன்று மாலையே அதையும், கூடவே மற்ற இரண்டையும் தூத்துக்குடிக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டான். சமர்த்து என்று குழுவில் ஆறு பேரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை லென்ஸ் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அடுத்த செய்தி வந்தது. வெளியீடு தள்ளிவைப்பு. தேதி பின்னர்.

புதன்கிழமை பத்து மணிக்கு டீச்சர் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பெனிட்டாவும் குழந்தையும் உள்ளேயே இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கிளாட்வின் கழுத்தில் கேமராவோடு இறங்கி வந்தான். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருந்தது.

டீச்சரின் லென்ஸைக் கேட்டான். அது அவன் கேமராவில் பொருந்தாது என்று அவனுக்கே தெரியும். இரண்டையும் பொருத்த இடையில் போடும் வளையம் ஒன்று சென்னையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, நாளைக்குக் கிடைத்துவிடும் என்றான்.

"நாளைக்குத்தானே ஆபரேஷன்?"

"ஆமா டீச்சர். அதான் ஒரு நாள் தள்ளிப்போட முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்னு…"

டீச்சர் கை நீட்டினார். அவன் கேமராவைக் கொடுத்தான். அதிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். தண்ணீர்த்தொட்டிச் சுவர். செங்கல் சுவர். மேசையில் ஒட்டிய செய்தித்தாள். அரிசி மூட்டையில் உள்ள எழுத்து. மறுபடி செங்கல் சுவர், நான்கு மூலைகளும் தெரிய. பெனிட்டாவின் ஒரு கண், இமை மட்டும். நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் இருந்தது. ரூத் ஒன்றிலும் இல்லை.

"சுவருக்கு எத்தனை மாசம்?" என்றார் டீச்சர்.

அதெல்லாம் லென்ஸைச் சோதித்துப் பார்க்க எடுத்தது என்றான் கிளாட்வின்.

டீச்சர் தன்னுடைய கேமராவையே எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். கம்பெனிப் பெயர் தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டிய கேமரா. அவன் நன்றி சொன்னான். சொல்லிவிட்டு லென்ஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கண்ணாடிக்குள் ஒரு தூசி இருப்பதைச் சொன்னான். டேப்பை நகத்தால் லேசாகக் கிளப்பி, இந்த மாடலா, இது முகத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஃபோகஸ் ஆகும் என்று ஒரு ஆள் எழுதியிருந்தாரே என்றான்.

ஆட்டோவில் குழந்தை சிணுங்கியது. டிரைவர் ஹாரனைத் தொட்டார்.

பெனிட்டா இறங்கி வந்தாள். கண்கள் தூங்காத கண்கள். மயக்க மருந்து கொடுத்தால் இவ்வளவு சின்ன உடம்பு எழுந்துகொள்ளுமா என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள். நானே எடுத்துத் தருகிறேன் என்று டீச்சர் அவளிடம் சொன்னார்.

"வேண்டாம் டீச்சர். இவரே எடுக்கட்டும்," என்றாள் பெனிட்டா. குரல் உயரவில்லை. "நாலு மாசம் ஆச்சு. இவர் இன்னும் அவளை நேரா ஒரு தடவ பாக்கல."

கிளாட்வின் கேமராவின் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டீச்சர் தன் கேமராவை அவனிடமிருந்து வாங்கி உள்ளே வைத்தார். அவனுடையதிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். அடுப்பைப் பற்றவைத்து, ஒரு ஸ்குரூ டிரைவரைப் பழுக்கக் காய்ச்சி, மூடியின் நடுவில் அழுத்தினார். புகைந்து ஓர் ஓட்டை விழுந்தது. நேற்றைய பரோட்டா பார்சலின் அலுமினியத் தாளைக் கழுவித் துடைத்து, ஒரு துண்டு கிழித்து, தையல் ஊசியின் முனையால் அதில் ஒரு துளை போட்டார். அந்தத் தாளை ஓட்டையின் மேல் டேப்பால் ஒட்டினார்.

"டீச்சர், சென்சார்ல தூசி விழும்," என்றான் கிளாட்வின்.

டீச்சர் மூடியைத் திருகிப் பொருத்தி, இரண்டு எண்களை மாற்றி, கேமராவை அவன் கழுத்தில் மாட்டினார். அவன் வழக்கப்படி அதைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். உள்ளே ஒரே இருட்டு. ஊசித்துளை வழியாக வரும் வெளிச்சம் படம் பிடிக்கப் போதும், மனிதன் பார்க்கப் போதாது.

"ஒண்ணும் தெரியல டீச்சர்."

"தெரியாது. நெஞ்சுல வச்சுக்கோங்க. அவ எப்பச் சிரிக்கான்னு நீங்கதான் பாக்கணும்."

வாசலில் வெயில் விழுந்த இடத்தில் பெனிட்டா குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். துண்டை எடுத்தாள். கிளாட்வின் இரண்டடி தள்ளி நின்றான். திருப்ப வளையம் இல்லை, மாற்ற எண் இல்லை, மறைந்துகொள்ளக் கறுப்புப் பெட்டியும் முகத்துக்கு முன்னால் இல்லை. அவன் குழந்தையைப் பார்த்தான். ரூத் அவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள், தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அலுவலகத்தில் போன் எடுத்தால் சொல்வதுபோல, "வணக்கம், சொல்லுங்க," என்றான்.

ரூத் சிரித்தாள்.

விரல் அழுத்தியது. மறுபடியும் அழுத்தியது. டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார்.

வியாழக்கிழமை ரூத்துக்குத் தைத்தார்கள். பதினொன்றரைக்குக் கண் விழித்தாள். அதே வியாழக்கிழமை அந்த லென்ஸ் வெளிவந்தது. குழுவில் இருநூற்றுப் பத்து செய்திகள் விழுந்தன. கிளாட்வின் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை ஒன்றையும் திறக்கவில்லை.

ஞாயிறு காலை டீக்கடையில் அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தான். கைக்குக் கை மாறிப் போயிற்று. பிச்சையா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, எதுவுமே துல்லியமாக இல்லையே, பனிக்குள் எடுத்ததா என்று டீ மாஸ்டரிடம் கேட்டார். ஓரம் மட்டுமில்லை, நடுவும் மங்கல்தான் என்று மைதீனும் டீ மாஸ்டரிடம் சொன்னார். இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். என்ன லென்ஸ் வே என்று வேறொருவர் கேட்டார். பரோட்டா பார்சல் என்றான் கிளாட்வின். கேலி செய்கிறான் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள்.

டீச்சர் தனியாக இருக்கும்போது அவன் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். தையலைத் தொடாமலிருக்க ரூத்தின் கைகளில் உறை மாட்டியிருப்பதைச் சொன்னான். இன்னும் சிரிக்கவில்லை, வலி குறைந்தால் சிரிப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். பெனிட்டா இந்தப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். தையல் போட்ட முகத்தையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள்.

பிறகு கொஞ்சம் தயங்கினான். பழக்கம் போகவில்லை.

"ஒரே ஒரு குறைதான் டீச்சர். மங்கல் இருக்கட்டும். ஆனா புள்ள கேமராவப் பாக்கல. பார்வை கொஞ்சம் மேல போயிருக்கு."

டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்தார். டீயை ஒரு மிடறு குடித்தார். படத்தைத் திருப்பி அவன் கையில் கொடுத்தார்.

"கேமரா உங்க நெஞ்சுல இருந்துச்சு. அதுக்கு மேல என்ன இருந்துச்சு?"

கிளாட்வின் படத்தைப் பார்த்தான். அவனுடைய டீ ஆறிக்கொண்டிருந்தது. டீச்சர் அதை எடுக்கவில்லை.