வேண்டாடும்

கலீல் மாஸ்டரின் டைப்பிங் சென்டரில் அவரைவிட வயதில் மூத்த மாணவி ஒருவர்தான் இருந்தார். மரகதவல்லி டீச்சர். வயது அறுபத்து மூன்று. மாஸ்டர் எட்டாம் வகுப்பில் படித்தபோது அவருக்குத் தமிழ் எடுத்தவர். சந்திப் பிழை ஒன்றுக்கு அரை மதிப்பெண் என்று பிடித்துப் பிடித்து, ஒரு கட்டுரையில் கலீலைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கிவிட்டார். அத்தோடு விட்டாரா? மீதியை அடுத்த கட்டுரையில் கழித்துக்கொண்ட மகராசி.

சேர்ந்த முதல் நாளே டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“இங்க நீங்கதான் மாஸ்டர். நான் மாணவி. தப்பா அடிச்சா திட்டணும்.”

திட்டுவதாவது! டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்ற மாஸ்டரை மறுபடி உட்கார வைக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

டீச்சரின் கணவர் தணிகாசலம் இறந்து, காரியம் முடிந்த மறுவாரம் அது. நகராட்சி ஆபீசில் முப்பது வருடம் ஆர்டர் அடித்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, மாலை நாலு மணியானால் போய் உட்கார்ந்து எதையாவது அடித்துக்கொண்டிருப்பார்.

“அந்த மெஷின் அனாதையாக் கிடக்கு மாஸ்டர். பார்க்கச் சகிக்கல. எனக்கு அடிக்கச் சொல்லிக் குடுங்க” என்று கேட்டிருந்தார் டீச்சர்.

மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். கீபோர்டைப் பார்க்கக் கூடாது, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், எங்கே போக வேண்டும் என்று விரலுக்கே தெரியும். அவருடைய பாடம் மொத்தமும் அவ்வளவுதான்.

ஒரு வருடம் ஓடிவிட்டது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து மாஸ்டர் ஷட்டரைத் தூக்கியபோது, மாடிப்படியில் டீச்சர் நின்றிருந்தார். மழை கட்டிக்கொண்டு பட்டப்பகலே கருக்கலாக இருந்தது. டீச்சரின் உள்ளங்கையில் ஒரு பென்டிரைவ்.

“மாஸ்டர், செத்துப்போனவங்க சொன்ன சொல் மாறுமா?”

“உள்ள வாங்க டீச்சர். முதல்ல உட்காருங்க.”

உட்கார்ந்ததும் டீச்சர் கொட்டிவிட்டார். ஒரே மகள் இளவெயினி. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போனவள். “நான் செத்தாலும் இந்த வாசல்ல கால் வைக்காதே” என்று தகப்பன் சொல்லிவிட்டார். அவளும் ரோஷக்காரி. அவர் இறந்த அன்று ஓசூரிலிருந்து தெருமுனை வரை வந்தாள். அங்கேயே நின்று அழுதுவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

“ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது, வெயினிக்கு எழுதி வெச்சிருக்கேன், கம்ப்யூட்டர்ல இருக்குன்னார். அவர் போன அன்னைக்கே திறந்து பார்த்தேன். அழுத அழுகையில என்ன வாசிச்சேன்னே தெரியல. அப்புறம் தெம்பு வந்து வாசிச்சா, ‘நீ வர வேண்டும்’னு தெளிவா எழுதியிருக்கார். போன வாரம் அதைப் போன்ல அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். வர்ற வியாழக்கிழமை வருஷத் திதி. வர்றேன்னு சொல்லிட்டா.”

“நல்லதுதானே?”

“ஃபைலை அனுப்பும்மா, என் கண்ணால பார்க்கணும்னா. அனுப்பினேன். நேத்து அவ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல திறந்திருக்கா. ‘நீ வர வேண்டாம்’னு இருக்காம். ‘எந்த அப்பா நெசம்மா? அது தெரியாம நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்’னு போனை வெச்சுட்டா.”

மாஸ்டர் பென்டிரைவை வாங்கிக்கொண்டார். இதெல்லாம் அவருக்குப் புதிதல்ல. ஒரு மெஷினில் அடித்த பத்திரம் இன்னொரு மெஷினில் பக்கம் தாண்டி ஓடும், கட்டம் உடையும், எழுத்து சதுரம் சதுரமாகிவிடும். ஆனால் சொல் மாறி அவர் பார்த்ததில்லை.

கடையில் இருந்ததிலேயே புதிய கம்ப்யூட்டரில் முதலில் திறந்தார். திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று கொட்டிக் கிடந்தன. டீச்சர் நெஞ்சில் கை வைத்தார்.

“பயப்படாதீங்க. பழைய ஃபாண்ட்ல அடிச்சிருக்கார். இந்த மெஷின்ல அது இல்ல. அந்தத் தமிழ் எழுத்துக்கு எந்தக் கட்டையைத் தட்டினாரோ அது மட்டும் தெரியுது.”

அந்த ஃபாண்டை ஏற்றினார். எழுத்துகள் ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டு தமிழாக நின்றன. மாஸ்டர் வாய்விட்டு வாசித்தார்.

“வெயினி, நான் சொன்ன சொல்லை நீ காப்பாற்றிவிட்டாய். நான்தான் மனிதனாக நடக்கவில்லை. எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பேன்? நீ வர வேண்டும். அப்பா.”

“பார்த்தீங்களா?” என்றார் டீச்சர்.

மாஸ்டர் இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் போனார். அதில் இருந்தது வேறு சாஃப்ட்வேர், இனாமாகக் கிடைக்கிற வகை. அதே பென்டிரைவ், அதே ஃபைல், அதே ஃபாண்ட். கடைசி வரியில் கண்ணை ஓட்டினார்.

“நீ வர வேண்டாம்.”

மழை தகரத்தில் இறங்கத் தொடங்கியது.

மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. தொந்தி வைத்த மானிட்டர். கட்டணம் பாதி என்பதால் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அதில் பழகுவார்கள். மாஸ்டர் அதைப் போட்டார். அது உறுமி, யோசித்து, நிதானமாகத் திறந்தது. இருவரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள்.

“நீ வர வேண்டாடும்.”

மாஸ்டரின் கையில் ரோமம் எழுந்து நின்றது. மேலே சுற்றிய மின்விசிறியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டார். ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது.

“அது என்ன சொல்லு?” டீச்சரின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“திருத்தியிருக்கார் டீச்சர். அடிச்சதை அழிச்சாலும் தடம் இருக்கிற மாதிரி செட் பண்ணி வெச்சிருக்கார். ஆபீஸ் பழக்கம். புது மெஷின் திருத்தினதைக் காட்டுது. அந்த ரெண்டாவது மெஷின் திருத்தாததைக் காட்டுது. இந்தக் கிழடுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. அழிச்சதையும் அடிச்சதையும் ஒண்ணா ஒட்டிக் காட்டுது.”

“அப்ப முதல்ல வேண்டாம்னு எழுதி, அப்புறம் மனசு மாறி வேண்டும்னு திருத்தியிருக்கார்!” டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. “அது போதும் மாஸ்டர். அதை வெயினிகிட்டச் சொல்லிடலாம்ல?”

மாஸ்டர் புதிய கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்து திருத்தங்களின் பட்டியலைத் திறந்தார். யார் திருத்தியது, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எல்லாம் அதில் விழுந்திருக்கும். கடைசித் திருத்தத்தைப் பார்த்தார். பட்டியலில் தமிழ் வராமல் இங்கிலீஷ் கட்டைகளே தெரிந்தன; சின்ன எல், எச் நீக்கப்பட்டிருந்தன. அது ‘டா’. அந்த இடத்தில் பெரிய எல் சேர்ந்திருந்தது. அது ‘டு’. திருத்தியவர் என்ற இடத்தில் தணிகாசலம் என்று இருந்தது. சரிதான். தேதியைப் பார்த்தார்.

“சார் எப்போ டீச்சர் தவறினார்?”

“போன வருஷம் ஆகஸ்டு முப்பது.”

திரையில் அக்டோபர் இருபத்தேழு, மாலை நாலு பதினொன்று என்று இருந்தது.

மாஸ்டர் அதைச் சொல்லவில்லை. டீச்சரே கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசித்துவிட்டார். அவர் முகத்தில் பயம் வரும் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். வந்தது பயமில்லை.

“அவர்தான்” என்றார் டீச்சர். “எனக்குத் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ரூம்ல டைப் அடிக்கிற சத்தம் கேட்கும் மாஸ்டர். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பைத்தியம்பாங்க.”

“வீட்டுல வேற யாரு இருக்கா?”

“யாரு இருக்கா? நான் ஒருத்திதான்.”

“நாலு மணிக்கு நீங்க என்ன பண்ணிட்டிருப்பீங்க?”

“நீங்க குடுத்த பாடத்தை அடிச்சுட்டிருப்பேன்.”

“எங்க உட்கார்ந்து?”

“அவர் சேர்லதான். மெஷின் அங்கதானே இருக்கு?” என்ற டீச்சர் கொஞ்சம் நிறுத்தினார். “கண்ணை மூடிட்டுத்தான் அடிப்பேன். நீங்க சொன்ன மாதிரியே. அவர் கடிதம் திரையில திறந்தே கிடக்கும், வாசிக்கத்தான் தெம்பிருக்காது.”

மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்.

“அந்த மெஷின்ல யார் உட்கார்ந்து அடிச்சாலும் அவர் பேர்தான் விழும் டீச்சர்.”

“நான் அவர் கடிதத்தைத் தொடல” என்றார் டீச்சர். வகுப்பில் பேசுகிற குரல் அது. “செத்தவர் எழுத்துல கை வைப்பேனா நான்? சத்தியமா தொடல.”

அது பொய்யில்லை என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. பொய் சொல்கிற முகத்தை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் பட்டியலை ஒரு வரி மேலே நகர்த்தினார். இன்னொரு திருத்தம் இருந்தது. அதே தேதி, நாலு பத்து. முந்தைய நிமிடம். அதில் எதுவும் நீக்கப்படவில்லை. இரண்டே இரண்டு கட்டைகள் சேர்ந்திருந்தன.

மாஸ்டர் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து கீபோர்டை டீச்சர் பக்கம் தள்ளினார்.

“கண்ணை மூடிக்குங்க. ஜி அடிங்க.”

டீச்சர் கண்ணை மூடி அடித்தார்.

“இப்போ அரைப்புள்ளிக் கட்டை.”

அடித்தார்.

“என்ன எழுத்து டீச்சர்?”

“ப்.” கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“கடிதத்துல அது எங்க வந்து விழுந்திருக்குன்னா, ‘உன்னை’க்கும் ‘பார்ப்பேன்’க்கும் நடுவுல. அங்க அது எதுக்கு?”

“இது என்ன கேள்வி? இரண்டாம் வேற்றுமை விரி. வல்லினம் மிகும். எட்டாங்கிளாஸ்லயே உங்களுக்கு நடத்தினேன்.”

“தணிகாசலம் சார் சரியாப் போடுவாரா?”

“யாரு, அவரா!” டீச்சர் சிரித்துவிட்டார். “முப்பத்தெட்டு வருஷம் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஒரு தாள்ல ஒரு ஒற்று போட்டிருப்பாரா மனுஷன்? நிச்சயம் ஆனதும் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பி...”

சிரிப்பு அப்படியே நின்றது. கண்கள் திறந்தன. கீபோர்டின்மேல் இருந்த தன் பத்து விரல்களையும் டீச்சர் பார்த்தார். யாருடைய கையையோ பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாஸ்டருக்கு அழுகை வந்தது. விரலுக்கே தெரியும் என்று சொல்லிக் கொடுத்தது அவர்தானே.

“ஒற்று விட்டுப்போச்சேன்னு கை போயிருக்கும்” என்றார் டீச்சர். கேட்கவே முடியாத குரல். “போன கை அதோட நிக்கல போலிருக்கு.”

மாஸ்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். டீச்சர் குடிக்கவில்லை.

“அவர் வேண்டாம்னுதான் எழுதியிருக்கார். கடைசி வரைக்கும் வேண்டாம்தான். அதை அனுப்பினா என் பொண்ணு வர மாட்டா. இதை அனுப்பினா, வருவா. ஆனா அவ அப்பா சொன்னதா இருக்காது. வியாழக்கிழமை திதி. நீங்கதான் மாஸ்டர், சொல்லுங்க. நான் எதை அனுப்ப?”

மாஸ்டர் எழுந்து மூலைக்குப் போனார். பழைய கம்ப்யூட்டரில் ஃபைல் திறந்தபடியே இருந்தது. பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் கரகரத்துத் தாளைத் தள்ளியது. அதை எடுத்து வந்து இரண்டு கைகளாலும் டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் வாசித்தார். பழக்க தோஷம், கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது. மூடியைக் கழற்றி, பேனா முனையைக் கடைசிச் சொல்லின்மேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

“தமிழ்ல இப்படி ஒரு சொல்லே இல்லையே, கலீல்.”

“தமிழ்ல இல்ல டீச்சர். உங்க வீட்டுல இருக்கு.”